பேர் ரன் ஓடைமேல் ஏழு அங்குலம்: ஃபாலிங்வாட்டர் வீட்டுத் தளங்கள் தொய்ந்த கதை

ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ பழைய வீடு வைத்திருப்பவர் டெக், அதாவது வீட்டை ஒட்டிய திறந்த தளம், கட்ட ஆசைப்பட்டால் முதலில் கேட்பது, தண்ணீர்ப் பக்கம் எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதைத்தான். கீழே தூண் வந்தால் பார்வை கெடும். தண்ணீருக்குள் அடித்தளம் போட அனுமதி லேசில் கிடைக்காது. ஆகவே தூணே இல்லாமல் நீட்டிவிட முடியாதா என்பார்கள். முடியும் என்று காட்டிய வீடுகளில் மிகப் பிரபலமானது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மில் ரன் அருகே, பேர் ரன் என்ற ஓடையின் அருவிமேல் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர். அப்படி நீட்டியதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் அதே வீடு காட்டுகிறது. தூணில்லாமல் வெளியே நீண்ட அதன் தளம் 60 ஆண்டுகளில் 7 அங்குலம் வரை கீழே தொய்ந்தது. 1997இல் ஓடைப் படுகையில் இரும்பு முட்டு நிறுத்த வேண்டி வந்தது. 2002இல்தான் அந்த முட்டுகளை எடுக்க முடிந்தது.

இந்தக் கதையை மேதைக்கும் கணக்குப் பார்க்கும் பொறியாளர்களுக்கும் நடந்த சண்டையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பாரம் எந்த வழியாக இறங்கி எங்கே போய் உட்கார்ந்தது என்பதுதான் இதில் கற்க வேண்டிய பாடம். வரைபடம் ஒரு வழியைச் சொன்னது, கட்டடம் வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. அறுபது வருஷம் அதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

வீடு வந்த விதம்

எட்கர் காஃப்மன் பிட்ஸ்பர்க் நகரில் பெரிய பல்பொருள் அங்காடி நடத்தியவர். அவர் மகன் எட்கர் ஜூனியர் 1934இல் ரைட்டின் டேலியசின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். அந்தத் தொடர்பில் அதே ஆண்டு டிசம்பரில் ரைட் ஓடைக்கரையைப் பார்க்க வந்தார். அப்போது அவருக்கு வயது 67, கையில் வேலை அதிகம் இல்லாத காலம். பெரிய பாறைகளையும் மரங்களையும் ஒன்றுவிடாமல் குறித்த நில அளவைப் படம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பின் மாதக் கணக்கில் ஒன்றும் வரையவில்லை. 1935 செப்டம்பரில் காஃப்மன் படத்தைப் பார்க்கக் காரில் கிளம்பிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான், அவர் வந்து சேருவதற்குள் வரைந்து முடித்தார் என்று அங்கிருந்த மாணவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

அருவியைப் பார்த்தபடி எதிர்க்கரையில் வீடு வரும் என்றுதான் காஃப்மன் நினைத்திருந்தார். ரைட் வீட்டை அருவியின் தலைமேலேயே வைத்துவிட்டார். அந்த ஒரே முடிவில் மற்றதெல்லாம் வந்துவிடுகிறது. அருவிக்கு மேலே தூண் ஊன்ற இடமில்லை, ஊன்றினால் அழகும் இல்லை. பின்னால் கரைப்பாறையில் ஊன்றிய தாங்கு சுவர்களிலிருந்து தளங்களை வெறும் காற்றில் நீட்டியே ஆக வேண்டும்.

தலைகீழ்த் தளம்

வரவேற்பறையும் அதை ஒட்டிய திறந்த தளங்களும் உள்ள முதல் நிலை, தாங்கு சுவர்களைத் தாண்டி சுமார் 15 அடி வெளியே நீள்கிறது. வடக்கு தெற்காக ஓடும் நான்கு பெரிய காங்கிரீட் பீம்கள் அதைச் சுமக்கின்றன. நம் ஊரில் சாதாரணமாக பீம் கீழே தொங்கும், சிலாப் மேலே இருக்கும். இங்கே அது தலைகீழ். சிலாப் அடியில், பீம்களும் குறுக்குச் சட்டங்களும் அதன்மேலே நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் மேல் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தரைக்கல் பதித்திருக்கிறார்கள்.

இது வெறும் அலங்காரத்துக்காகச் செய்ததில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டிய தளத்தில் மேல்பகுதி இழுபடும், அடிப்பகுதி நசுங்கும். காங்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே அகலமான சிலாப் நசுங்கும் பக்கத்தில், அதாவது அடியில் இருப்பது கணக்குப்படி புத்திசாலித்தனம். கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கும் பீம் தெரியாமல் வழவழப்பான அடிப்பரப்பு கிடைக்கிறது. ரைட்டுக்குக் கட்டமைப்பு தெரியாது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதில்லை. அவரிடம் மெண்டல் கிளிக்மன், வெஸ்லி பீட்டர்ஸ் என்று இரண்டு பொறியாளர்கள் இருந்தார்கள். யோசனையில் கோளாறு இல்லை. மேலே போட வேண்டிய கம்பியின் அளவில்தான் கோளாறு.

மேல் கம்பி என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பால்கனியோ சஜ்ஜாவோ சென்ட்ரிங் பிரித்ததும் தொங்கினால், அல்லது விழுந்தால், பத்துக்கு எட்டு இடத்தில் காரணம் அந்த மேல் கம்பியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். படத்தில் சரியாக மேலே இருக்கும். காங்கிரீட் போடும் நாளில் ஆட்கள் மிதித்து மிதித்து அது நடுவுக்கோ அடிக்கோ போய்விடும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் நாற்காலிக் கம்பி ரெண்டு கூடப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

1936: எட்டா, பதினாறா

காஃப்மன் வியாபாரி. தன் பணத்தை எங்கே போடுகிறோம் என்று பார்க்கத் தெரிந்தவர். பிட்ஸ்பர்கின் மெட்ஸ்கர்–ரிச்சர்ட்சன் என்ற பொறியியல் நிறுவனத்திடம் படங்களைக் காட்டினார். அவர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். ரைட் கொதித்துப்போய், இந்த வீட்டுக்கு உங்களுக்குத் தகுதியில்லை, என் படங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினார். காஃப்மன் இறங்கி வந்தார். அந்தப் பொறியாளர்களின் அறிக்கை வீட்டின் கற்சுவர் ஒன்றுக்குள் வைத்துப் பூசப்பட்டது என்று சொல்வார்கள்.

ஆனால் விஷயம் சுவருக்குள் அடங்கவில்லை. முதல் தளத்துக்குக் காங்கிரீட் போடும் சமயத்தில், ஒவ்வொரு பெரிய பீமிலும் ரைட் தரப்பு சொன்ன 8 கம்பிகளோடு இன்னும் 8 சேர்ந்தன. ஒரு அங்குலச் சதுரக் கம்பிகள், மொத்தம் 16. ரைட்டுக்குச் சொல்லாமலே இது நடந்தது. தெரிந்ததும், கூடுதல் இரும்பு தளத்தின் பாரத்தைக் கூட்டிவிட்டது என்று சீறினார்.

அந்த வாதத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு அங்குலச் சதுரக் கம்பி அடிக்கு 3.4 பவுண்டு. எட்டுக் கம்பி சேர்ந்தால் பீமின் ஒவ்வொரு அடிக்கும் சுமார் 27 பவுண்டு. ஒரு சதுர அடி குறுக்குவெட்டு உள்ள காங்கிரீட்டே அடிக்கு 150 பவுண்டு வரும், இந்தப் பீம்களோ அதைவிடத் தடிமனானவை. அவற்றோடு சிலாப், குறுக்குச் சட்டம், தரைக்கல், கைப்பிடிச் சுவர் எல்லாம் இருக்கின்றன. அதற்கு முன்னால் 27 பவுண்டு ஒரு பொருட்டே இல்லை. கம்பி நெருக்கமானால் இடையில் ஜல்லி இறங்காமல் ஓட்டை விழும் என்று அவர் சொல்லியிருந்தால் நியாயம் இருந்திருக்கும். பாரம் கூடியது என்ற புகாரில் நியாயம் இல்லை. அந்த எட்டுக் கம்பி சேராமல் போயிருந்தால் தளம் நின்றிருக்காது என்பதுதான் அறுபது வருஷம் கழித்துப் போட்ட கணக்கின் முடிவு.

சென்ட்ரிங் பிரித்ததும் தளத்தின் முனை 1.75 அங்குலம் இறங்கியது. நீட்டிய தளம் எதுவும் முட்டு எடுத்தால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதை எதிர்பார்த்து, பலகை அடிக்கும்போதே முனையைச் சற்று மேல்நோக்கித் தூக்கி வைப்பது வழக்கம். இறங்கிய பிறகு மட்டத்துக்கு வந்து நிற்கும். இங்கே அப்படிப் போதிய அளவு தூக்கி வைக்கவில்லை, அதனால் முதல் நாளிலிருந்தே சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. மேல்நிலைப் படுக்கையறைத் தளத்தின் கைப்பிடிச் சுவரிலும் விரிசல் விட்டது.

பயந்துபோன காஃப்மன் மேற்குத் தளத்துக்கு அடியில் ஒரு கற்சுவர் எழுப்ப வைத்தார். ரைட் வந்து அதைப் பார்த்தார். யாருக்கும் சொல்லாமல், சுவரின் மேல்வரிசைக் கற்களை மட்டும் எடுத்துவிடும்படி அங்கிருந்த தன் மாணவர் பாப் மோஷரிடம் சொன்னார். சில வாரம் கழித்துக் காஃப்மனை அழைத்துப்போய், சுவருக்கும் தளத்துக்கும் நடுவே தெரிந்த இடைவெளியைக் காட்டினார். முட்டில்லாமலே தளம் நிற்கிறது, பாருங்கள் என்று. இந்தக் கதையைக் கேட்பவர்கள் சிரித்து ரசிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சில வாரம் நின்றது என்பது காங்கிரீட்டைப் பொறுத்தவரை எதையும் நிரூபிப்பதில்லை. ஓயாத பாரத்தின் கீழ் காங்கிரீட் வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல நெகிழும். அந்த நெகிழ்ச்சிக்கு அந்த இடைவெளி ஒரு தொடக்கம்தான்.

காஃப்மன் செய்த நல்ல காரியம்

வீடு 1937இல் முடிந்தது, விருந்தினர் விடுதி 1939இல். எல்லாம் சேர்த்து 1,55,000 டாலர். காஃப்மன் குடும்பம் வார இறுதிகளில் வந்து தங்கியது. சந்தேகம் விடாத காஃப்மன், நில அளவையாளரை வரவழைத்துக் கைப்பிடிச் சுவர்களின் மட்டத்தை அவ்வப்போது அளந்து எழுதி வைத்தார். 1955இல் அவர் இறக்கும்வரை இது நடந்தது. அதோடு அளவையும் நின்றது. 1963இல் மகன் வீட்டை மேற்குப் பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். மறு வருஷம் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

1990களில் மறுபடி அளந்தபோதுதான் 7 அங்குலம் தெரிந்தது. 15 அடி நீளத்துக்கு 7 அங்குலம் என்றால் நீளத்தில் 26இல் ஒரு பங்கு. காங்கிரீட்டுக்கான நம் நாட்டு ஐஎஸ் 456 விதித்தொகுப்பு, நெகிழ்ச்சியெல்லாம் சேர்த்து இறுதித் தொய்வு நீளத்தில் 250இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 15 அடிக்கு அது முக்கால் அங்குலம்கூட வராது. இங்கே அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. தொய்வு பெரிதாக இருப்பதைவிடக் கவலைப்பட வைத்தது இன்னொன்று: அது நிற்கவில்லை. 1995இல் ராபர்ட் சில்மன் என்ற பொறியாளரின் நிறுவனத்திடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் விரிசல்களிலும் தளங்களிலும் மின்னணு அளவிகளைப் பொருத்தினார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் ஏறி இறங்கும் அசைவைக் கழித்துப் பார்த்தாலும் தளம் கீழ்நோக்கிப் போய்க்கொண்டேதான் இருந்தது.

ஜன்னல் சட்டம் தூண் ஆன கதை

பழைய டெக்கையோ பால்கனியையோ பார்க்கப் போகிற எவரும் இந்த இடத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

வரவேற்பறைக்கு மேலே படுக்கையறைத் தளம். கீழ்த்தளத்தின் முனையையும் தாண்டி இன்னும் சில அடி ஓடைப்பக்கம் நீள்கிறது. இந்த வீட்டின் படங்களில் எல்லோர் கண்ணையும் இழுப்பது அந்த மேல்தளம்தான். மேல்தளம் தன் பாரத்தைத் தானே பின்னால் கொண்டுபோய்த் தாங்கும், கீழ்த்தளம் தன் பாரத்தைத் தான் தாங்கும் என்பதுதான் பார்ப்பவர் எண்ணுவது. இரண்டுக்கும் நடுவே இருப்பது வரவேற்பறையின் தெற்கு ஜன்னல் வரிசை. கண்ணாடியும் மெல்லிய எஃகுச் சட்டமும்தான். அதைப் போய் யாரும் தூணாக நினைப்பார்களா?

கம்பி எங்கெங்கே, எத்தனை இருக்கிறது என்று உடைக்காமலே ரேடார் அலையால் தேடிப் பார்த்துவிட்டு, சில்மன் குழு கணினியில் கணக்குப் போட்டது. மேல்தளத்தால் தன்னைத் தானே தாங்க முடியாது என்று அதில் தெரிந்தது. அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி நின்றது? ஜன்னலில் இருந்த நான்கு டி வடிவ எஃகுச் சட்டங்கள் மேல்தளத்தின் பாரத்தை வாங்கிக் கீழ்த்தளத்தின் முனையில் இறக்கிக்கொண்டிருந்தன. கீழ்த்தளம் ஒரு தளத்தை இல்லை, இரண்டு தளத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

அதுவும் எந்த இடத்தில் என்பதுதான் கொடுமை. ஒரு பக்கம் பிடித்து நீட்டிய பீமில், ஒரு பாரம் நீளம் முழுக்கப் பரவியிருப்பதற்கும் அதே பாரம் முனையில் குவிந்திருப்பதற்கும் நிறைய வித்தியாசம். முனையில் குவிந்தால் அடிவேரில் வளைவு விசை இரண்டு மடங்கு. முனையின் தொய்வு இரண்டரை மடங்குக்கும் மேல், சரியாகச் சொன்னால் மூன்றில் எட்டு பங்கு. அந்த ஜன்னல் நிற்பது கீழ்த்தளத்தின் முனையை ஒட்டி. வைக்கவே கூடாத இடம் எதுவென்று தேடினால் அதுதான் வரும்.

மேலே விரிசல் விட்டதும் கீழே தொய்ந்ததும் இப்போது ஒரே கதையாகிவிடுகின்றன. மேல்தளம் முதல் நாளே தோற்றுக் கீழ்த்தளத்தின்மேல் சாய்ந்துகொண்டது. கீழ்த்தளம் அந்தக் கூடுதல் பாரத்தில் வருஷா வருஷம் நெகிழ்ந்தது. கீழ்த்தளத்துக்குப் போட்ட பதினாறு கம்பிகூடப் போதாமல், தாங்கக்கூடிய எல்லையின் விளிம்பில் இருந்தது. மெட்ஸ்கர்–ரிச்சர்ட்சன் பயந்தது சரி என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இந்த வீட்டை வாட்டியதில் பெரும்பங்கு தூணாக மாறிய அந்த ஜன்னலுடையது.

முட்டும் வடமும்

கணக்கு கையில் வந்ததும் காத்திருக்க நேரமில்லை. 1997இல் ஓடைப் படுகையிலிருந்து எஃகுச் சட்டங்களை எழுப்பி முதல் தளத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். அருவிமேல் மிதக்கும் வீடு என்று பார்க்க வந்தவர்கள் அடியில் இரும்புக்கால்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்து வருஷம் அப்படியே.

நிரந்தரத் தீர்வுக்கு வழிகள் இருந்தன. முட்டுகளையே நிரந்தரமாக்கிவிடலாம், ஆனால் அந்த வீட்டில் அதைவிடப் பெரிய அழிவு வேறில்லை. தளத்தை இடித்து அதே மாதிரி புதிதாகக் கட்டலாம், அப்போது பழமை போய் நகல்தான் மிஞ்சும். எஃகுத் தகடு ஒட்டலாம் என்றால், பாரம் இன்னும் கூடினால்தான் தகடு வேலையில் பங்கெடுக்கும். ஏற்கெனவே கம்பியில் ஏறியிருக்கும் இழுவிசையை அது குறைக்காது.

தேர்ந்தது வெளிவடம் போட்டு இழுக்கும் முறை. வரவேற்பறைத் தரையில் இருந்த கற்களுக்கு ஒவ்வொன்றாக அடையாள எண் எழுதிப் பெயர்த்து அடுக்கினார்கள். அடியில் இருந்த மரச்சட்டத்தை எடுத்ததும் நிமிர்ந்து நிற்கும் பீம்கள் வெளியே தெரிந்தன. தலைகீழ்த் தளம் என்ற பழைய முடிவு இங்கே கைகொடுத்தது. பீம்கள் தரைக்கு அடியிலேயே ஒளிந்திருந்ததால், செய்ததெல்லாம் தரைக்கல்லைத் திரும்பப் பதித்ததும் மறைந்துவிடும். கீழே பீம் தொங்கும் சாதாரணத் தளமாக இருந்திருந்தால் வடமும் பிடியும் ஓடையிலிருந்து பார்ப்பவர் கண்ணில் விழுந்திருக்கும்.

பீம்களின் பக்கவாட்டில் காங்கிரீட் பிடிக்கட்டைகளை இணைத்தார்கள். உயர்வலு எஃகு வடங்களை அந்தக் கட்டைகள் வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் கோத்து, நீரழுத்த ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். வடம் பீமின் மேற்பகுதியை ஒட்டி ஓடும். அதை இழுத்துப் பூட்டினால், இழுபட்டுக்கொண்டிருந்த மேல்பகுதி திரும்ப நசுக்கப்படுகிறது, முனை மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. தளம் முட்டிலிருந்து லேசாக எழும்பியது. முட்டுக்கு வேலை முடிந்தது.

7 அங்குலத்தையும் ஏன் திரும்பத் தூக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அறுபது வருஷத்தில் வீடு முழுவதும் அந்தத் தொய்வுக்குப் பழகிவிட்டது. கற்சுவரும் ஜன்னல் சட்டமும் கதவு நிலையும் அந்தக் கோணத்தில்தான் உட்கார்ந்திருந்தன. விரிசல்களுக்குள் துகள் இறங்கி இறுகியிருந்தது. வலுக்கட்டாயமாக மட்டத்துக்குக் கொண்டுவந்தால் புது விரிசல் விட்டு, இருக்கிற கண்ணாடியும் தெறித்திருக்கும். தொய்வை நிறுத்துவதுதான் வேலை, அழிப்பது வேலையில்லை என்று முடிவெடுத்தார்கள். இந்தப் பழுதுபார்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். பழைய வீட்டுச் சொந்தக்காரர்கள் எங்கே போனாலும் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, இதை நேராக்கித் தாருங்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்த வீட்டுக்காரர்கள் அப்படிக் கேட்கவில்லை.

நீர்க்காப்பும் மற்ற சீரமைப்பும் சேர்த்து ஒட்டுமொத்தச் செலவு 1.15 கோடி டாலர். 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ரைட்டின் எட்டுக் கட்டடங்களைச் சேர்த்தபோது இதுவும் இடம்பெற்றது.

தண்ணீர்

தளத்தின் பாரத்துக்கு அடுத்த எதிரி ஈரம். தட்டைக் கூரை, திறந்த தளம், பாறையோடு பாறையாகச் சேர்த்த சுவர், கீழே எந்நேரமும் சாரல். காஃப்மன் இந்த வீட்டை ஏழு வாளி வீடு என்று கிண்டல் செய்தாராம். ஒழுகும் இடங்களுக்கு அத்தனை வாளி வைக்க வேண்டியிருந்தது. திறந்த தளத்தில் தண்ணீர்க்காப்புப் படலம் ஒரு தடவை போட்டால் போதும் என்று ஒன்று கிடையாது. அது தேயும், ஓரத்தில் பிரியும், கதவு நிலைக்கு அடியில் தண்ணீருக்கு வழிவிடும். அண்மை வருஷங்களிலும் இந்த வீட்டில் சாரம் கட்டிக் கூரையும் தளமும் சுவரும் நீர்க்காப்புச் செய்ய வேண்டி வந்தது.

காங்கிரீட்டில் ஈரம் மெதுவாகத்தான் கொல்லும். மரத்தில் வேகம் அதிகம். 2015 ஜூன் 16 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு அடுக்குமாடிப் பால்கனி அறுந்து விழுந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். அதுவும் தூணில்லாமல் நீட்டியதுதான், ஆனால் மரச்சட்டம். சுவருக்குள் நுழையும் இடத்தில் சட்டங்கள் தண்ணீர் இறங்கி மக்கிப்போயிருந்தன. மேலே பூச்சு சுத்தமாக இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. நீட்டிய தளத்தில் வளைவு விசை உச்சத்தில் இருப்பதும் தண்ணீர் புகுவதும் ஒரே இடத்தில், சுவரோடு சேரும் வேரில். 2018இல் கலிஃபோர்னியா, அடுக்குமாடிகளில் இப்படி வெளியே நீண்ட தளங்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சட்டம் போட்டது.

இன்று தண்ணீரோரப் பழைய வீட்டில் டெக் போடுகிறவருக்கு

ஃபாலிங்வாட்டர் காங்கிரீட், உலகப்புகழ் பெற்றது, கோடிக்கணக்கில் செலவழித்தது. மாசசூசெட்ஸிலோ மேரிலாந்திலோ நூறு வருஷ வீட்டின் பின்பக்கம் மரத்தில் டெக் போடுகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம்.

பாரம் இறங்கும் வழி மரத்திலும் அதேதான். எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பின்படி மரச்சட்டம் தாங்கியைத் தாண்டி நீளக்கூடியது, உள்ளே இருக்கும் இடைநீளத்தில் கால் பங்குதான். உள்ளே 12 அடி இருந்தால் வெளியே 3 அடி. அதற்கு மேல் ஆசைப்பட்டால் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கணக்கில் முனைமீது இன்னொரு கூரையோ கண்ணாடி அறையோ பின்னாளில் வந்து உட்காருமா என்பதும் சேர வேண்டும். டெக் கட்டி ஐந்து வருஷம் கழித்து மேலே கூரை போட்டு, அதன் கால்களை டெக்கின் வெளிமுனையில் நிறுத்துவது சர்வசாதாரணமாக நடக்கிறது. அந்த நான்கு ஜன்னல் சட்டங்கள் செய்ததை இந்தக் கூரைக்கால்களும் செய்யும்.

பழைய வீட்டில் இன்னொரு சிக்கல் சுவர். டெக்கின் ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரில் பலகை வைத்து போல்ட் அடித்துத் தொங்கவிடுவதுதான் வழக்கமான முறை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய நூறு வருஷச் செங்கல் சுவர் அந்த போல்ட்டைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. போல்ட் துளை வழியே தண்ணீரும் இறங்கும். பழங்கட்டடங்களுக்காக அமெரிக்க அரசின் இன்டீரியர் துறை வகுத்த மறுசீரமைப்பு நெறிகள் பத்தில், கடைசியாக உள்ளது இதற்கு நேரடியாகப் பொருந்தும்: புதிதாகச் சேர்ப்பதை நாளை எடுத்துவிட்டாலும் பழைய கட்டடத்தின் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். ஆகவே சுவரைத் தொடாமல் தன் காலிலேயே நிற்கும் டெக் என்பது பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஏற்றது, சுவருக்கும் நல்லது. செலவு கூடும், சுவரோரம் ஒரு வரிசைக் கால் கூடுதலாக வரும். பார்வை கெடாது, ஏனென்றால் அந்தக் கால் வீட்டை ஒட்டி நிழலில்தான் நிற்கும்.

தண்ணீரோரத்தில் அனுமதி வேறு ஒரு கதை. மேரிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி செசபீக் விரிகுடாவின் அலைநீர்க் கரையிலிருந்து 1,000 அடி வரை கட்டுப்பாட்டுப் பகுதி, அதில் கரையை ஒட்டிய 100 அடியில் புதிதாக எதைக் கட்டவும் விதி கடுமை. கடலோரமானால் ஆணியும் பிடியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு ஆர்சனிக் கலந்த மரம் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் வந்த செம்பு மருந்து ஏற்றிய மரம் சாதாரண ஆணியை இன்னும் வேகமாக அரிக்கும். பழைய ஆணியைப் புது மரத்தில் அடிக்கும் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியாக, காஃப்மன் செய்த அளவை. அவர் எழுதி வைத்த எண்கள் இருந்ததால்தான் தொய்வு எப்படி வளர்ந்தது என்று பின்னாளில் பார்க்க முடிந்தது. டெக் கட்டி முடித்த வாரமே நான்கு மூலையிலும் தளத்தில் துருப்பிடிக்காத ஆணி ஒன்று அடித்து, வீட்டுச் சுவரில் அசையாத ஒரு கல்லில் குறி வைத்து, லேசர் மட்டத்தால் வித்தியாசத்தை அளந்து தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். வெவ்வேறு பருவத்தில் அளந்தால் மரம் ஈரத்தில் உப்புவதும் காய்ந்து சுருங்குவதும் எண்ணில் கலந்துவிடும். வீட்டை விற்கும்போது அந்தத் தாளையும் வீட்டுப் பத்திரத்தோடு கொடுத்துவிடுங்கள்.